குதிகாலில் ஒரு சொட்டு

"குழந்தைக்கு ஒண்ணுமில்ல" என்று டாக்டரம்மா சொன்னதும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறந்த மூன்றாம் நாள் மகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஏதோ குறைவு என்றார்கள். மறுபடி எடுத்தார்கள். மூன்றாம் முறை தாயின் ரத்தத்தையும் கேட்டார்கள். எதற்கு என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"குறை உங்க உடம்புலதான். வயித்துல இருக்கற பிள்ளைக்கு நீங்க குடுக்கறதுதானே? உங்ககிட்டயே இல்லாததை எப்படிக் குடுப்பீங்க?"

கார்னிட்டின் என்று ஒரு பொருளாம். உடம்பிலுள்ள கொழுப்பை, அது எரியவேண்டிய இடத்துக்குச் சுமந்துபோவது அதன் வேலை. இதயம் பெரும்பாலும் அந்தக் கொழுப்பில்தான் ஓடுகிறது. சுமக்க ஆளில்லாவிட்டால், அதுவும் காய்ச்சலில் சாப்பிடாமல் கிடக்கும்போது, துடிப்பு தாளம் தப்பும். சிலருக்கு நின்றேபோகும்.

அவளுக்கு மின்மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. லிஃப்ட் இல்லாத கட்டடங்களில் மூன்றாவது மாடி தாண்டினால் நெஞ்சு தடதடக்கும். படியேறினால் யாருக்குத்தான் தடதடக்காது என்று இருந்துவிட்டாள்.

சற்றுமுன் எடுத்த ஈசிஜி தாளில் பேனாவால் மூன்று வட்டங்கள் போட்டிருந்தார்கள். வரிசையில் நிற்கப் பொறுக்காதவர்கள் மாதிரி, மூன்று துடிப்புகள் முந்திக்கொண்டு வந்திருந்தன.

"பயப்படாதீங்க, மருந்து இருக்கு. மூணு வேளையும், ஆயுசுக்கும் குடிக்கணும். பட்டினி மட்டும் கிடக்கக்கூடாது. கூடப் பொறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் பாத்துடணும்."

"ஒரு அக்கா. இருபத்தாறு வயசுல இறந்துட்டா."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

இரண்டு நாள் காய்ச்சல். தண்ணீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அக்கா குளியலறையில் விழுந்து கிடந்தாள். அப்போது வீட்டில் இருந்தது அத்தான் மட்டும்தான். பிரேதப் பரிசோதனையில் காயமில்லை, விஷமில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். காரணம் தெரியாத சாவுக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடிக்காமல் விடுமா?

"இப்போ உறுதியாச் சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. "ஆனா இதுவாத்தான் இருந்திருக்கும்னு தோணுது."

வெளியே அம்மா பேத்தியை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னாங்க?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா. இதோ வந்துடறேன்."

மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்க் கைபேசியை எடுத்தாள். அந்த எண்ணை 'எடுக்காதே' என்ற பெயரில் வைத்திருந்தாள். ஒன்பது வருடமாக, அக்கா இறந்த தேதியில் அது ஒருமுறை அடிக்கும். அடித்து ஓயும்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"அத்தான்."

"அம்மாவுக்கு ஏதாவதா?" என்றார்.

"இல்ல அத்தான். அக்கா எதனால போனான்னு தெரிஞ்சுபோச்சு."

சொன்னாள். ரத்தம், காய்ச்சல், பட்டினி, இதயம். டாக்டரம்மா சொன்ன வரிசையிலேயே சொன்னாள். ஒரு இடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் அவரைக் கொலைகாரன் என்று கத்தியது அம்மா. அது அவருக்குத் தெரியும்.

அவர் அக்காவை அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகக் காவல்நிலையத்துக்கு ஒரு மொட்டைக்கடிதம் போனது. ஏழு மாதம் அவரை அலையவைத்தது, வேலையைவிட்டு அனுப்பியது, ஊரைவிட்டே போகவைத்தது அந்தக் கடிதம்தான். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய கை யாருடையது என்று மட்டும் அவருக்கு இன்றுவரை தெரியாது.

அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

படியில் உட்கார்ந்தாள்.

"வச்சுடாதீங்க அத்தான்," என்றாள். "இன்னொண்ணும் சொல்லணும்."