நாற்பது எலும்புக்கூடுகள்

"இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லுங்க. நீங்க திட்டுறது ஏதோ வாழ்த்துச் சொல்ற மாதிரி இருக்கு."

நெட்டையர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். "என் விலா எலும்பு அச்சைத் திருடினது நீதான்."

"நான் எதுக்குத் திருடணும்? நீங்க பண்ற விலா எலும்பு குடைக் கம்பி மாதிரி இருக்கும்."

சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பட்டறையாக மாறியிருந்த கூடத்தில், உத்தரத்திலிருந்து தொங்கிய பதினாறு எலும்புக்கூடுகளும் ஏற்கெனவே சிரித்துக்கொண்டுதான் இருந்தன.

"சிரிக்காதீங்க, ஆபீசர் வர்ற நேரம்," என்றாள் அவள். "அச்சகத்துக்காரங்க போன வாரம் எப்படி மாட்டினாங்க தெரியுமா? புருஷனும் பொண்டாட்டியும் ஒரே நேரத்துல கொட்டாவி விட்டாங்களாம். அவ்வளவுதான், ரெண்டு கொட்டேஷனும் குப்பைல."

பல்கலைக்கழகம் தன் மருத்துவ மாணவர்களுக்காக நாற்பது மாதிரி எலும்புக்கூடுகள் வாங்கப்போகிறது. புது விதிப்படி, ஒட்டும் உறவும் இல்லாத மூன்று சிறு பட்டறைகளாவது விலைப்புள்ளி கொடுத்தால்தான் டெண்டர் செல்லும். எல்லாம் ஒரே குடும்பத்துக்குப் போய்ச் சேரக்கூடாதாம். ஊரில் எலும்புக்கூடு செய்கிறவர்களே மூன்று பேர்தான்: அவள், நெட்டையர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர். ஒருவர் குறைந்தாலும் டெண்டர் ரத்து. நாற்பதும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிவிடும். அப்புறம் மணிக்கட்டு எலும்புகளைக் கோக்கும் நான்கு பெண்களிடமும், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று அவள் சொல்லியாக வேண்டும்.

கொள்முதல் அதிகாரி சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் படிவம், சட்டைப்பையில் ரப்பர் ஸ்டாம்ப். அவள் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டினாள்.

"உள்ள வைங்கம்மா. இந்த மாசம் மட்டும் பதினோரு பத்திரம் பார்த்துட்டேன். டெண்டர் வந்தா எல்லாரும் பிரிஞ்சுடறாங்க, பில் பாஸானதும் சேர்ந்துடறாங்க. இப்ப பேப்பர் செல்லாது, நேர்ல பார்க்கிறதுதான்."

சொல்லிக்கொண்டே சமையலறையைப் பார்க்கப் போனவர், தாழ்வான நிலைப்படியில் நெற்றியை நங்கென்று இடித்துக்கொண்டார். நெட்டையர் பதறிப்போய் விசாரித்துக்கொண்டே பின்னால் ஓடினார்.

"இவர் தங்கியிருக்கிறதாச் சொன்ன இடத்தையும் காலைல பார்த்தேன்," நெற்றியைத் தேய்த்தபடி திரும்பி வந்தார் அதிகாரி. "ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாடகத்துக்கு செட் போட்ட மாதிரி. எந்த மனுஷன் சார் அப்படி வாழ்வான்?"

நெட்டையர் ஒரு முழங்கால் மூட்டைத் துடைத்தார்.

"சரி. பத்தாவது கேள்வி. 'வழக்கமான சச்சரவு ஒன்றை நேரில் காண்க.' எங்க, ஆரம்பிங்க."

நெட்டையர் மூச்சை இழுத்துக்கொண்டார். "என் விலா எலும்பு அச்சைத் திருடினது நீதான்."

"நான் எதுக்குத் திருடணும்? தாடையை ஒழுங்கா ஒட்டத் தெரியுதா உங்களுக்கு? போன தடவை வகுப்பு நடக்கிறப்பவே கீழ விழுந்து, வாத்தியார் மயக்கம் போட்டாராமே."

"அது பசை சரியில்ல."

"கை சரியில்ல."

சூடு பிடித்துவிட்டது. அவளுக்கே உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, சுண்ணாம்புத் தூசி தொண்டையில் ஏறி நெட்டையர் இருமத் தொடங்கினார். அவள் திட்டுவதை ஒரு வார்த்தைகூட நிறுத்தாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, தண்ணீர் மொண்டு கையில் கொடுத்தாள். அவரும் அவளைப் பார்க்காமலே வாங்கிக் குடித்துவிட்டு, "உனக்கு முதுகெலும்புல எத்தனை எலும்புன்னு தெரியுமா?" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"போதும்மா. நல்லாத்தான் பண்ணினீங்க. ஆனா அந்த நிலைப்படில எனக்கு மண்டை வீங்கிடுச்சு. என்னைவிட ஒரு முழம் உசரமா இருக்கிற இவர், பேசிக்கிட்டே குனிஞ்சு வந்தார். இப்ப இந்தத் தண்ணி வேற. அதோட, பிரிஞ்சவங்க யாராவது 'வாங்க, போங்க'ன்னு திட்டுவாங்களா?"

"பழக்கம் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"சார், நாலு பொண்ணுங்களோட வேலை சார்."

"எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா நிஜமாப் பிரிஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன்மா. இப்படி இருக்க மாட்டாங்க."

மேஜையில் இடமில்லாததால், படிவத்தை ஓர் எலும்புக்கூட்டின் தோள்பட்டையில் வைத்து 'ஒரே குடும்பம்' என்று எழுதி ஸ்டாம்ப் குத்தினார். வாசல்வரை போனவர் திரும்பி, "அடுத்த டெண்டருக்குக் கொஞ்சம் நல்லாப் பழகிக்கிட்டு வாங்க," என்று அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனார்.

அவள் திறந்து கிடந்த ஜன்னலைச் சாத்தினாள்.

"நான் சொதப்பிட்டேன், இல்ல?" என்றார் நெட்டையர்.

"இல்ல, நான்தான் தண்ணி குடுத்தேன்."

அவர் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "கிளம்பறேன். நாலு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ஆறுக்குத்தான்."

"இப்ப எந்தப் பக்கம் இருக்கீங்க? ஆபீசர்கூடப் பார்த்துட்டு வந்துட்டார். எனக்குத் தெரியாது."

"பழைய தண்ணித்தொட்டிக்குப் பின்னால. மாடில."

அவள் தலையாட்டினாள். ஆறு வருடங்களுக்கு முன்னால் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தைகூடச் சண்டை போடாமல் ஆளுக்கொரு பக்கமாக நடந்த பிறகு, அவர் இந்த வீட்டுக்குள் கால் வைத்தது இன்றைக்குத்தான்.