அடுத்த பாட்டு கேட்காத காது

ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. அந்த வலியோடுதான், விழாக்களில் பாட்டு போடும் டிஜே ஒருவன் ஹெட்போன் கடைக்குள் நுழைந்தான். ஒரு காதில் ஓடுகிற பாட்டு, மறு காதில் அடுத்த பாட்டு. இரண்டையும் இழை தெரியாமல் ஒட்டுவதுதான் அவன் தொழில். வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றதில் இடது காது செத்துப்போனது. அதற்கு ஏதாவது கேட்டால்தான் இனி பிழைப்பு.

"இது மாட்டுனா செவிடனும் எழுந்து ஆடுவான்ணே," என்றார் கடைக்காரர்.

"அந்தச் செவிடன் நான்தான். குடுங்க."

மாட்டினான். வலது காதில் பாட்டு வந்தது, இடதில் ஒன்றுமில்லை. இன்னொன்றும் அப்படித்தான். மூன்றாவதை மாட்டியதும் இடது காதில் அவன் மனைவி பேசினாள்.

"என்னங்க, எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

"இதுல யாரோ பேசுறாங்க," என்றான்.

கடைக்காரர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒயரே இன்னும் சொருகலையேண்ணே."

சொருகினார். வலதில் பாட்டு ஏறியது. இடதில் அவள் மட்டுமே இருந்தாள்.

"இதையே குடுங்க."

"இத வச்சு வேலை ஓடுமா?"

"ஓடாது."

அவள் உயிரோடிருந்தபோது கேட்டதெல்லாம் ஒரே ஒரு தடவை அவன் ஹெட்போனை மாட்டி ஒரு பாட்டு கேட்க வேண்டும் என்பதுதான். வேலை கெடும், நாளைக்குப் பார்க்கலாம் என்றே நாளைக் கடத்தினான். அவளுக்கு அவன் ஒரு பாட்டு பாக்கி.