அவள் பார்க்காத படம்

"ரெண்டு டிக்கெட்டா வாங்கறேன். பார்த்துப் போட்டுக் கொடு தம்பி."

கவுன்ட்டருக்குள் இருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, சினிமா டிக்கெட்டுலயுமா பேரம்?"

"ஏன், கேட்டா வாய் தேய்ஞ்சா போயிடும்? கால் உடைஞ்சு கட்டில்ல கிடந்தப்பவே, உன்னைத் தூது விட்டு முதலாளிகிட்ட முழுச் சம்பளம் வாங்கினவன்டி நான்!"

இன்று பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் அவருடைய முதல் பேரம் அதுதான். சுமை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பீரோ நழுவிக் காலில் விழுந்தது. வேலை செய்யாதவனுக்கு என்ன சம்பளம் என்றார் முதலாளி. 'கொடுத்தா உங்ககிட்டயே திரும்பி வருவேன், இல்லேன்னா எதிர்க்கடைக்குப் போயிடுவேன்' என்று படுத்த படுக்கையிலிருந்தே மனைவியிடம் சொல்லி அனுப்பினார். படிந்துவிட்டது. தன் நாக்குக்கும் ஒரு விலை உண்டு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. கடை, வீடு, மகள் கல்யாணம் எல்லாமே அந்த நாக்கு சம்பாதித்ததுதான் என்பார்.

ஊரே தலையில் வைத்துக் கொண்டாடிய இந்தப் பாட்டுப் படம் வந்ததும் அப்போதுதான். பார்க்காத ஆளே கிடையாது, இவர்கள் இருவரைத் தவிர. "நீங்க எழுந்து நடங்க, சேர்ந்தே பாக்கலாம்" என்றாள் மனைவி. எழுந்து நடந்தவர் அப்புறம் எங்கே நின்றார்? இருபத்தைந்து வருஷம் போய், படம் புதுசு பண்ணி மறுபடி வந்த பிறகுதான் நேரம் வாய்த்தது.

ஆனால் காலையிலிருந்தே அவள், "இந்தத் தியேட்டர் வேணாங்க, வேற எங்கயாவது பாப்போமே" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போதே உறுத்தியது.

படம் ஆரம்பித்தது. கதாநாயகி கோபித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறாள். கதாநாயகன் வாய் திறப்பதற்குள் பக்கத்து ஸீட்டில் முணுமுணுப்பு கேட்டது.

"போறதுன்னா போ. வயலினை வெச்சுட்டுப் போ."

திரையில் அவனும் அதையே சொன்னான். தியேட்டரே கைதட்டியது. அவர் மட்டும் தட்டவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த பாட்டுக்கு, இசை தொடங்குமுன்பே அவள் கால் தாளம் போட்டது. அழுகைக் காட்சி வருமுன்பே முந்தானை கண்ணுக்குப் போய்விட்டது.

பார்க்காத படமாம்! யாரிடம் கதை விடுகிறாள்?

எப்போது பார்த்தாள்? யாரோடு பார்த்தாள்? இருட்டில் அவருக்குப் பழசெல்லாம் கிளறிக்கொண்டு வந்தது. அவர் படுத்திருந்த நாட்களில் மத்தியானம் ஆனால், "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவாள். தினமும் அப்படி என்ன அக்கா வீடு?

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு காட்சி. பேச்சில்லை, இசையில்லை. கதாநாயகி நைஸாக வந்து, கச்சேரிக்கு வைத்திருந்த வயலினின் தந்தியைப் பாதி அறுத்துவிட்டுப் போகிறாள். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஐயையோ! இவளா அறுத்தா?"

'என்ன நடிப்புடா சாமி! திரையில இருக்கறவளே தோத்தா' என்று பல்லைக் கடித்தார்.

விளக்கு எரிந்தது.

"வா, டீ சாப்பிடலாம்."

"எனக்கு வேணாங்க. நீங்க போயிட்டு வாங்க."

"வான்னா வா!"

கேன்டீனில் நல்ல கூட்டம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் கல்லாவில் இருந்தார்.

"டீ என்ன விலை? ரெண்டா எடுத்தா எவ்வளவு?"

மீசைக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா! நீங்களா? உக்காருங்க, உக்காருங்க. காசெல்லாம் வேணாம்."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

சும்மா எவன் எதைக் கொடுப்பான்? மரச்சாமான் கடைக்காரருக்கு உச்சந்தலை சூடேறியது. "ஓகோ! எத்தனை வருஷப் பழக்கம்? யாரோட வந்தா இவ? எத்தனை தடவை வந்தா?"

"படம் ஓடின வரைக்கும் தினம் வந்தாங்க."

"கேட்டியா! பார்க்கவே இல்லேன்னு என்கிட்ட புளுகினா!"

"பார்க்கலியே அண்ணே." மீசைக்காரர் திரைப்பக்கமாக இருந்த ஒரு கதவைக் காட்டினார். "அதோ, சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து டம்ளர் கழுவினாங்க. சத்தம் மட்டும்தான் கேக்கும். ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்கக்கான்னு எங்கப்பா எவ்வளவோ சொன்னார். 'அவர் எழுந்து நடக்கட்டும், சேர்ந்து பாக்கறோம்'னுட்டாங்க."

கடைக்காரர் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி மெல்லச் சொன்னாள். "கச்சேரில டிங்குன்னு சத்தம் வருமுங்க. தந்தி தானா அறுந்துதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்."

"அது கிடக்கட்டும்" என்றார் அவர். குரல் ஏறவில்லை. "முதலாளிகிட்டேருந்துதான் முழுச் சம்பளம் வந்துட்டிருந்துச்சே. நான் பேரம் பேசி வாங்கினது. அப்புறம் நீ எதுக்கு இங்க வந்து டம்ளர் கழுவணும்?"

மணி அடித்தது. கூட்டம் உள்ளே நகர்ந்தது. அவள் அவரைப் பார்க்காமல், மேஜைமேல் கிடந்த காலி டம்ளர்களைப் பழக்க தோஷத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

"முதலாளி அன்னைக்கே கையை விரிச்சுட்டாருங்க. உங்க பேரம் படிஞ்சிடுச்சுன்னு நான் வந்து சொன்னப்பதானே, நீங்க முதல் தடவையா எழுந்து உக்காந்து சாப்பாடு கேட்டீங்க!"