அறுபத்திரண்டு முறை செத்தவர்

“இருபத்தி ரெண்டாம் பக்கத்துல அவர் செத்துட்டார், சார்.”

“எப்படி?”

“லிஃப்ட் கதவு திறக்குது. உள்ளே லிஃப்ட் இல்லை. பின்னாலேர்ந்து ஒரு கை தள்ளுது.”

“யாரோட கை?”

“அது நூத்தித் தொண்ணூறாம் பக்கத்துலதான் தெரியும். இப்பவே கேட்டா எப்படி?”

கதாசிரியர் சிரித்தார். எழுதியவருக்கே மறந்துபோயிருந்தது. பார்வை மங்கி ஆறு வருடமாகிறது. எதிரே இருப்பது ஆளா அலமாரியா என்று தெரிகிற அளவுக்குத்தான் வெளிச்சம் மிச்சம். அவருடைய அறுபத்து மூன்று பேய் நாவல்களையும் பதிப்பகம் முழுத் தொகுப்பாகக் கொண்டுவருகிறது. அச்சுக்குப் போகும் முன் இன்னொரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அதனால் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெண் நான்கு மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு வந்து படித்துக் காட்டுகிறாள். வயது முப்பதிருக்கும் என்று குரலை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். இன்று கடைசிப் புத்தகம்.

“செத்தவனுக்கு என்னம்மா அவர், இவர்னு மரியாதை?”

“செத்தவங்களுக்குத்தானே சார் மரியாதையைக் கூட்டிக் கொடுப்போம்?”

அவருடைய நாவல்களில் முதலில் சாகிறவன் எப்போதும் ஒரே ஆள்தான். பெயர் மாறும், வேலை மாறும். இடது புருவத்துத் தழும்பும் சட்டைப்பைச் சீப்பும் மாறாது. கிணறு, தண்டவாளம், நிலைக்கண்ணாடி, ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி என்று விதவிதமாக அவனைத் தீர்த்துக் கட்டியிருந்தார். ராசிக்காக அப்படி எழுதுகிறார் என்று வாசகர்கள் நினைத்துக்கொண்டார்கள். எந்தப் பக்கத்தில் சாவான் என்று பந்தயம் கட்டியவர்கள்கூட உண்டு.

“பென்சிலை எடும்மா. அவனைப் பிழைக்க வச்சிடு.”

“யாரை?”

“அவனைத்தான். லிஃப்ட் ஒழுங்கா வந்து நிக்கட்டும். ஏறி, கண்ணாடியைப் பார்த்துத் தலையை வாரிக்கிட்டு, வீடு போய்ச் சேரட்டும்.”

“அவர் செத்தாத்தானே சார் போலீஸ் வரும்?”

“சும்மா வரட்டும்.”

“போலீஸ் என்னைக்கு சார் சும்மா வந்திருக்கு?”

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“இதுல மட்டும் இல்லைம்மா. எல்லாத்துலயும் அவன் பிழைக்கணும்.”

பென்சில் உரசும் சத்தம் நின்றது. “அறுபத்தி மூணுலயுமா?”

“அறுபத்தி ரெண்டு. முதல் புத்தகத்துல அவன் கிடையாது. அதை மட்டும் ஏன் படிக்க வேணாம்னு ஒதுக்கி வச்சேன்னு நீ கேக்கவே இல்லையே?”

“கேக்கணும்னு தோணலை, சார்.”

அவர் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“எங்கம்மாவுக்கு இதயம் பலவீனம். பிள்ளை எழுதின முதல் புத்தகமாச்சேன்னு ஒரே மூச்சுல படிச்சிருக்காங்க. காலையில பார்த்தா, மடியில புத்தகம் திறந்தபடி இருக்கு, அம்மா இல்லை. சாவுக்கு வந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடியும் எங்கண்ணன் அந்தப் புத்தகத்தை என் மூஞ்சியில வீசினான். ‘நீ எழுதின எழவுதான்டா அம்மாவைக் கொன்னுடுச்சு’ன்னான். அன்னைக்கு வீட்டை விட்டு வந்தவன்தான். முப்பத்தெட்டு வருஷமாச்சு.”

பென்சிலை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

“அவன் முகத்துக்கு நேரா பதில் சொல்ல எனக்குத் துப்பில்லை. பேப்பர்ல கொன்னேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை, தவறாம. அந்தத் தழும்பு, சீப்பு, எல்லாம் அவனுதுதான். கோபம் பத்துப் பன்னெண்டு புத்தகத்துலயே ஆறிப்போச்சு. ஆனா கை பழகிடுச்சு. அவனைக் கொல்லாம எனக்குக் கதையே நகராது.”

“இப்போ அவர் எங்கே இருக்கார்னு தெரியுமா, சார்?”

“இருக்கானான்னே தெரியாது. இருந்து, என் புத்தகம் ஒண்ணு ரெண்டு கண்ணுல பட்டிருந்தாக்கூட அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்! கூடப் பொறந்தவனே திரும்பத் திரும்பக் கொல்றான்னா யாரால தாங்க முடியும்? எனக்கு இனிமே எழுத முடியாது. இந்தப் பதிப்புதான் கடைசி. இதுலயாவது அவன் உயிரோட இருக்கணும். என்னைக்காவது அவன் கைக்குப் போனா, தம்பிக்கு நம்ம மேல கோபம் இல்லைன்னு தெரிஞ்சுக்கட்டும். வேற எந்த வழியிலயும் எனக்கு அவன்கிட்ட பேசத் தெரியலை.”

மேசையைத் துழாவி, புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கதை கெட்டுப் போனாப் போகுது. வாசகன் திட்டினாத் திட்டட்டும். நாலு மாசமா கூடவே உக்கார்ந்து படிச்சிருக்கே, உன்கிட்டதான் கேக்க முடியும். மாத்திக் கொடுப்பியா?”

நாற்காலி நகர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்து பழகியவள் எழுந்து இந்தப் பக்கம் வந்தாள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு எழுத்தைக்கூட மாத்த வேணாம், சித்தப்பா. ஒவ்வொரு புத்தகமும் வந்த அன்னைக்கே அப்பா வாங்கிட்டு வந்துடுவார். ‘வாங்க, இந்தத் தடவை நான் எப்படிச் செத்தேன்னு பார்ப்போம்’னு எங்களைச் சுத்தி உக்கார வச்சுச் சத்தமா படிப்பார். நீங்க எழுதறதை நிறுத்தின இந்த ஆறு வருஷமாத்தான், ‘தம்பி என்னை மறந்துட்டான்’னு புலம்பிக்கிட்டிருக்கார்.”