விசாவுக்காக ஒரு கல்யாணம்

தற்காலிக கிரீன் கார்டை நிரந்தரமாக்கும் நேர்காணலுக்கு வந்திருந்தாள் லிகாயா. பக்கத்தில் அவளுடைய அமெரிக்கக் கணவன் டுவேன்.

"கல்யாணமாகி ரெண்டு வருஷம். அதுல முக்கால்வாசி நாள் பிலிப்பைன்ஸ்ல! அமெரிக்கா கசக்குதோ?" நக்கலடித்தார் குடியேற்ற அதிகாரி.

"மினசோட்டா குளிர் ஒத்துக்கல சார். அப்புறம் எங்கம்மா சமையல்..." என்று இழுத்தாள்.

"சேர்ந்தே வாழலை. அப்ப இது விசாவுக்காகப் பண்ணின கல்யாணம்தானே?"

லிகாயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆமா சார். ஆனா விசா எனக்கில்ல, இவருக்கு! நான் ஒருநாள்கூட ஊருக்குப் போகல, இங்கேயே பனி அள்ளிட்டிருக்கேன். இவர்தான் எங்கம்மா வீட்டுல உக்காந்து தின்னுட்டிருக்கார். போன மாசம் அங்க இவருக்கு நிரந்தர விசாவே குடுத்துட்டாங்க!"

டுவேன் பதறிப்போய்க் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினான்.

"சார், இவளுக்குக் கார்டு குடுத்துடுங்க. இவளும் அங்க வந்துட்டா, இங்க எங்கம்மாவை யார் பாத்துப்பா?"