மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர்

"இன்னைக்கு வாங்காம வரமாட்டேன். ஆமை ரொம்பத்தான் இழுத்தடிக்குது!"

மூன்று வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே சொன்னாள்.

"வயசுல பெரியவரைப் போய் ஆமைங்கிறே," என்றான் கணவன்.

"குரூப்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அவருக்கே தெரியும்."

குழந்தைகளின் தடுப்பூசித் தேதிகளைக் குறித்துவைக்கச் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள் பயன்படுத்தும் இலவச மென்பொருள் அது. குரூப்பில் உள்ள நாற்பது பேர் சம்பளமில்லாமல் அவரவர் ஊரிலிருந்து எழுதுவது. பத்து வருடமாக எல்லாரும் எழுதியது சேர்ந்திருப்பது ஆமையின் வீட்டு சர்வரில்தான். இனி ஒரு கம்பெனியின் சர்வருக்கு மாற்றுவதென்று ஓட்டெடுத்து முடிவாகிவிட்டது. மாற்றும் பொறுப்பு அவளுக்கு.

ஆமையின் வீட்டு மாடிப்படிக்கு அடியில், பழைய செருப்புகளுக்குப் பக்கத்தில் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

அவர் ஹார்ட் டிஸ்க்கை நீட்டினார். "புரோகிராம் எல்லாம் இதுல இருக்கும்மா."

"லாக்?"

"யார் எப்போ என்ன தட்டினாங்கங்கிற பழைய குப்பை. அது எதுக்கு? விட்டுடு."

"எப்படி விடறது சார்? நான் பிரசவத்துக்குப் போயிருந்தப்போ எல்லாரோட ஆறு மாச உழைப்பையும் அழிச்சீங்க. பேக்கப்பும் இல்ல. வெறுத்துப்போய் எத்தனை பேர் விலகிட்டாங்க!"

"என் தப்புன்னு அப்பவே மன்னிப்புக் கேட்டுட்டேனேம்மா."

"அப்புறம் எதை மறைக்கிறீங்க? எல்லாத்தையும் எல்லாரும் பார்க்கலாம்கிறதுதானே நம்ம கொள்கை? லாக் தரலைன்னா நிர்வாகிகள் பட்டியல்ல உங்க பேர் இருக்காது."

"எடுத்துடுங்க. பரவாயில்ல."

"பத்து வருஷம் சார்! பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இல்லையா?"

அவள் இடுப்பிலிருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தவர், பெருமூச்சோடு குனிந்து மெஷினில் டிஸ்க்கைச் செருகினார். லாக் ஏறி முடிந்ததும் அதை அவளிடம் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். யாருக்கும் காட்டறதுக்கு முன்னாடி நீ தனியா ஒரு தடவை பார்த்துடு."

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு லாக்கைத் திறந்தாள்.

அத்தனையையும் அழித்த கட்டளை இருந்தது. அதற்கு எதிரில் இருந்தது அவளுடைய லாகின் பெயர்.

தேதி, மகள் பிறந்த நாள். காலை ஒன்பது பதினாலு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில், வலிக்கு நடுவே, தன் கம்ப்யூட்டரில் இருந்த சோதனை நகலைத் துடைத்துவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. திரையில் அப்போது இரண்டு விண்டோ திறந்திருந்தன: ஒன்று அவளுடைய கம்ப்யூட்டர், இன்னொன்று ஆமையின் சர்வர். தப்பானதில் தட்டியிருக்கிறாள்.



"என்ன, ஆமை மாட்டிக்கிச்சா?" வெளியிலிருந்து கணவன் சிரித்தான்.

அவள் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள்.

குரூப்பில் கேள்விகள் குவிந்தன. லாக் கிடைச்சுதா? எப்போ போடப் போறீங்க?

எழுதினாள்: "லாக் கெட்டுப்போயிருக்கு. திறக்க முடியல."

"வேணும்னே கெடுத்திருப்பார்!"

"ஆமையைப் பட்டியல்லேருந்து தூக்குங்க முதல்ல!"

"நீங்க டிஸ்க்கை அங்கேயே சோதிச்சு வாங்கியிருக்கக் கூடாதா?" என்று அவளையும் ஒருவர் கேட்டார்.

அதற்குள் ஆமையின் செய்தி வந்தது.

"டிஸ்க்கை நான்தான் கீழே போட்டுட்டேன். சொல்லாம கொடுத்து அனுப்பினது என் தப்பு. அந்தப் பொண்ணை யாரும் எதுவும் சொல்லாதீங்க."