தறிக்கூடத்தில் ஹரப்பா

பிரவீனாவுக்கு நாளை பதினொன்றாம் வகுப்பின் முதல் வரலாற்றுத் தேர்வு. மனப்பாடம் செய்த வரிகள் மனதில் நிற்காமல் நழுவுகின்றன. அழுகை முட்ட, புத்தகத்தை மூடிவிட்டு, விசைத்தறி ஓட்டும் அம்மா சௌந்திரத்திடம் ஹரப்பாவைக் கதையாகச் சொல்கிறாள். தறிச் சத்தத்தை மீறிக் கத்தக் கத்த, செங்கல் வீடுகளும் நேரான தெருக்களும் தாமாகவே நாவில் வருகின்றன. “அவங்க பருத்தித் துணியும் நெய்ஞ்சிருக்காங்கம்மா.” அம்மா சட்டென்று தறியை நிறுத்துகிறாள். சன்னல் வெயிலில் பஞ்சுத்தூள் மிதக்கிறது. “அப்பவேவா சாமி?” “நாலாயிரம் வருசத்துக்கு முந்தியேம்மா.” தறியில் கிடக்கும் துண்டை அம்மா உள்ளங்கையால் மெல்லத் தடவுகிறாள். “அப்பறம் அவங்கல்லாம் என்னானாங்க?” “மழ கொறஞ்சு போச்சாம்மா. ஊட்டயெல்லாம் உட்டுட்டுக் கெளம்பிட்டாங்க.” சொல்லும்போதே, அவர்கள் போவதைக் கண்ணால் பார்ப்பதுபோல் பிரவீனாவின் குரல் தணிகிறது.